ஒரு மாவுக்கட்டி கலவரமானது எப்படி? பய அரசியலைப் பிரித்துப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

2018 பிப்ரவரி 26 இரவு. இலங்கையின் கிழக்கே, அம்பாறை நகரில் ஒரு சிறிய சாப்பாட்டுக்கடை. நடத்தியவர்கள் தமிழ் பேசும் முஸ்லிம்கள். சாப்பிட வந்த சிங்களர் ஒருவர் தட்டில் வெள்ளையாக ஏதோ கட்டியைக் கண்டு சத்தம் போட்டார். கூட்டம் கூடிவிட்டது. மலடாக்கும் மாத்திரை போட்டாயா என்று சிங்களத்தில் கேட்டு நெருக்கினார்கள். கடைக்காரருக்குச் சிங்களம் சரியாக வராது. மாவு கட்டிபிடித்திருப்பதைத்தான் கேட்கிறார்கள் என்று எண்ணி, போட்டோம் என்பதுபோல் அரைகுறையாக ஏதோ சொல்லித் தலையாட்டினார். அதை ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடை நொறுங்கியது. பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. வீடியோ ஃபேஸ்புக்கில் ஏறி, ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்ற பெயரில் நாடு முழுக்கச் சுற்றியது. அரசுப் பகுப்பாய்வாளர் திணைக்களம் சோதித்துப் பார்த்து, மாவுதான், மருந்து எதுவும் இல்லை என்று அறிக்கை தந்தது. ஒரு வேளைச் சோற்றில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று மருத்துவத்திலேயே கிடையாது. ஆனால் வீடியோ போன வேகத்தில் அறிக்கை போகவில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வீடியோ வெட்டி ஒட்டியதல்ல. கடை உண்மை, ஆள் உண்மை, தலையாட்டியதும் உண்மை. படம் மெய், பொருள் பொய். அதனால் ‘இது போலி வீடியோவா?’ என்று மட்டும் சரிபார்த்துப் பழகியவர் அம்பாறையில் ஏமாந்திருப்பார். போலியைக் கண்டுபிடிக்கும் செயலிகள் எத்தனை வந்தாலும், பயத்தை வைத்து அரசியல் செய்பவர்கள் இந்த இடத்தில்தான் தப்பிக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் யாரும் இப்படி ஏமாறமாட்டார்கள் என்று நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் கதை கடைசியில் வருகிறது. கையில் ஒரு செய்தியை வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளில் வரிசையாக இறங்கிப் பாருங்கள். எல்லாச் செய்திக்கும் எல்லாப் படியும் தேவைப்படாது.

படி 1: பொய்யைத் தேடும் முன் வலியைத் தேடுங்கள்

அம்பாறை நடந்து ஒரு வாரத்துக்குள் கண்டி மாவட்டம் திகனயில் பெரிய கலவரம் வெடித்தது. அதற்குக் காரணமாகக் காட்டப்பட்ட சம்பவம் கற்பனையல்ல. பிப்ரவரி 22 அன்று தெல்தெனியவில், வண்டியை முந்திச் செல்வது தொடர்பான தகராறில் நான்கு முஸ்லிம் ஆண்கள் ஒரு சிங்கள லாரி ஓட்டுநரை அடித்தார்கள். மார்ச் தொடக்கத்தில் அவர் மருத்துவமனையில் இறந்துபோனார். ஒரு குடும்பம் உண்மையாகவே ஆளை இழந்தது. நான்கு பேர் செய்த குற்றத்தின் பழியை அந்தப் பகுதியிலுள்ள எல்லா முஸ்லிம் கடைகள்மேலும் எழுதியதுதான் அரசியல்.

வலி எப்போதும் உண்மையாகவே இருக்கும். அதில் ஒட்டப்படும் முகவரிதான் தவறாக இருக்கும். 2016-ல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுவது பற்றிய பொது வாக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைகளில் காத்திருப்பு நீண்டிருந்தது, பழைய தொழில் நகரங்கள் நலிந்திருந்தன. இந்த உண்மைகளின்மேல், வெளியேறும் தரப்பின் அதிகாரபூர்வ அணி ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரத்தை ஓடவிட்டது: 7.6 கோடி மக்கள் கொண்ட துருக்கி ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரப்போகிறது. துருக்கி 1999 முதலே வேட்பாளர் நாடு. 2005-ல் தொடங்கிய பேச்சில், மொத்தமுள்ள 35 பேச்சுத் தலைப்புகளில் 2016 வரை முடிந்தது ஒன்றே ஒன்று. சேரப்போகிறது என்பதற்கும் சேரலாமா என்று பத்தாண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கும் நடுவில்தான் அந்த விளம்பரம் வாழ்ந்தது.

ஆகவே முதல் கேள்வி: இந்தச் செய்தி தொட்டிருக்கும் உண்மையான வலி எது? வேலையின்மையா, விலைவாசியா, மகளின் பாதுகாப்பா? அதைக் காகிதத்தில் எழுதுங்கள். பக்கத்தில், செய்தி யாரைக் கை காட்டுகிறது என்று எழுதுங்கள். இரண்டையும் இணைக்கும் கோடு எங்கே என்று பாருங்கள். பெரும்பாலும் கோடு இருக்காது, அந்த இடத்தில் கோபம் மட்டும் இருக்கும்.

படி 2: மூன்றாவது ஆளைக் கண்டுபிடியுங்கள்

‘வெகுஜனவாதம்’ என்று நாம் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் அரசியலை வெறும் இனவாதம் என்று புரிந்துகொண்டால் பாதிதான் பிடிபடும். இனவாதத்துக்கு இரண்டு பேர் போதும்: நாம், அவர்கள். வெகுஜனவாதத்துக்கு மூன்றாவது ஆள் வேண்டும். தூய்மையான மக்கள் ஒரு மூலையில், ஆபத்தான அந்நியர் இன்னொரு மூலையில், அந்நியருக்குக் கதவைத் திறந்துவிடும் துரோகி மூன்றாவது மூலையில். நீதிபதி, பத்திரிகையாளர், தொண்டு நிறுவனம், படித்த மேல்தட்டு, ஆளும் கட்சி என்று ஊருக்கு ஏற்றபடி துரோகியின் முகம் மாறும்.

மறுப்புச் செய்தி ஏன் பலிப்பதில்லை என்பதற்கு விடை இந்த மூன்றாவது ஆளிடம் இருக்கிறது. அரசு ஆய்வகம் மாவு என்று சொன்னால், அரசே அவர்கள் பக்கம்தான் என்று பதில் தயாராக இருக்கும். மறுப்பவர் எல்லோரும் துரோகி மூலைக்குத் தள்ளப்படுகிறார்கள். மறுக்க மறுக்கக் கதை பலப்படுகிறது. ஒரு செய்தி தன்னை மறுப்பவரை முன்கூட்டியே விலைபோனவராக அறிவித்திருந்தால் அங்கேயே நில்லுங்கள்.

படி 3: எண்ணைக் கையில் எடுத்தால் முழு அட்டவணையையும் எடுங்கள்

பய அரசியலுக்கு எண்ணைப்போல் உதவும் ஆயுதம் வேறில்லை. இலங்கையில் வருடக்கணக்காகச் சுற்றிய கணக்கு இது: முஸ்லிம்கள் பெருகுகிறார்கள், சிங்களர் அழிகிறார்கள். 2012-ல் உருவான பொதுபல சேனா போன்ற சிங்கள பௌத்தத் தேசியவாத அமைப்புகள் மேடையிலும் இணையத்திலும் இதையே திரும்பத் திரும்பச் சொல்லின. ஆதாரமாக ஓர் உண்மையான எண்ணும் உண்டு. 1981 கணக்கெடுப்பில் இஸ்லாமியர் 7.6 சதவீதம், 2012-ல் 9.7 சதவீதம். உயர்ந்திருப்பது நிஜம்.

இப்போது அட்டவணையின் மற்ற வரிகளையும் படியுங்கள். 1981-ல் சிங்களர் 74 சதவீதம், 2012-ல் 74.9. அழிவதாகச் சொல்லப்பட்டவர்களின் பங்கும் கூடியிருக்கிறது! தலைக்கணக்கில் பார்த்தால் 1.1 கோடியிலிருந்து 1.52 கோடி. அப்படியானால் யாருடைய பங்கு குறைந்தது? இலங்கைத் தமிழர் 12.7-லிருந்து 11.1-க்கும், மலையகத் தமிழர் 5.5-லிருந்து 4.1-க்கும் இறங்கினார்கள். போரில் செத்தவர்கள், கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்கள், கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் எல்லோரும் அந்த வெற்றிடத்தில் இருக்கிறார்கள். ஓர் இனம் நாட்டைவிட்டு வெளியேறியதால் மாறிய விகிதத்தை, இன்னொரு இனத்தின் கருப்பைச் சதியாக விற்றார்கள். இதை முதன்முதலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை.

எண் எப்போது வந்தது என்றும் பாருங்கள். 2019 மே 23 அன்று ஒரு சிங்கள நாளிதழ் முதல் பக்கத்தில், ஒரு முஸ்லிம் மருத்துவர் 4,000 சிங்களத் தாய்மாரை ரகசியமாக மலடாக்கினார் என்று எழுதியது. மறுநாளே குருணாகலில் ஒரு மருத்துவர் கைதானார். அதன் பிறகுதான், பாதிக்கப்பட்டவர்கள் வந்து புகார் கொடுக்கலாம் என்ற அழைப்பு வந்தது, நூற்றுக்கணக்கான பெண்கள் வரிசையில் நின்றார்கள். எண் முதலில் வந்தது, புகார்கள் பிறகு வந்தன. குற்றப் புலனாய்வுத் துறை ஆதாரமில்லை என்றது, ஜூலை 25 அன்று அவருக்குப் பிணை கிடைத்தது. வரிசையில் நின்ற பெண்களை நான் குறை சொல்லமாட்டேன். குழந்தை தங்காத துயரம் அவர்களுடையது. அதற்கு ஒரு காரணத்தையும் ஒரு முகத்தையும் யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கேட்கவேண்டியவை: எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை? சதவீதமா, தலைக்கணக்கா? மற்ற வரிகள் எங்கே? எண்ணை யார், எப்படி எண்ணினார்கள்?

படி 4: சோறு, கருப்பை, பிள்ளை

உலகின் எந்த மூலையில் தேடினாலும் வெறுப்பு வதந்திகள் இந்த மூன்று இடங்களைச் சுற்றியே வரும். அவர்கள் நம் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள். நம் பெண்களை ஏதோ செய்கிறார்கள். நம் பிள்ளைகளைத் தூக்குகிறார்கள். 2014 ஜூலையில் மியன்மாரின் மண்டலேயில், ஒரு பௌத்தப் பெண் முஸ்லிம்களால் வன்புணர்வு செய்யப்பட்டதாக ஃபேஸ்புக்கில் பொய்ச் செய்தி பரவி இரண்டு உயிர்கள் போயின. 2024-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநில ஸ்பிரிங்ஃபீல்டில் ஹெய்ட்டியர்கள் வளர்ப்பு நாய் பூனைகளைத் தின்கிறார்கள் என்ற பேச்சு அதிபர் தேர்தல் விவாத மேடைவரை போனது. நகர நிர்வாகம் அப்படி எந்த நம்பகமான தகவலும் இல்லை என்று சொல்லியிருந்தது.

உடம்பு சம்பந்தப்பட்ட பயம் யோசனைக்கு இடம் தருவதில்லை. வரிக்கொள்கை பற்றிய பொய்யைப் படித்தால் நாம் வாதாடுவோம். குழந்தை பற்றிய பொய்யைப் படித்தால் எழுந்து போய்க் கதவைத் தாழிடுவோம். ஒரு செய்தி உங்களை நாற்காலியிலிருந்து எழவைத்தால், மறுபடி உட்காருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்துப் பகிர்ந்தாலும் உங்கள் பிள்ளைக்கு எதுவும் ஆகிவிடாது.

படி 5: வீடியோவின் முன்னும் பின்னும்

2023 மார்ச் முதல் வாரம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று இந்தியில் வீடியோக்கள் பரவின. இந்த முறை பூதமாகக் காட்டப்பட்டவர்கள் நாம். இணையத்தில் வெறுப்புக்கு ஆளாவது எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் அந்த வாரத்தை நினைத்துப் பார்க்கலாம். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் நம்மோடு வருடக்கணக்காக வேலை பார்த்தவர்கள் ஊரிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளில் நடுங்கிப்போனார்கள். தாய் அழுகிறாள், உடனே வா என்கிறாள், மகன் என்ன செய்வான்?

அப்போதைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு காணொளியில் விளக்கம் கொடுத்தார். சுற்றிய வீடியோக்களில் ஒன்று பீகார்த் தொழிலாளர்களே தமக்குள் மோதிக்கொண்டது. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இரு தரப்புக்கிடையே நடந்த அடிதடி. வேறு மாநிலக் கொலைக் காட்சிகள்கூட திருப்பூர் என்ற பெயரில் வலம் வந்தன. பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பிப் பார்த்தது. அந்த மாதமே பீகாரின் யூடியூபர் ஒருவர் கைதானார்.

எனக்கு இதில் மிகவும் பாடமாக அமைந்தது ரயில் நிலையம்தான். மார்ச் 8 ஹோலி. ஒவ்வோர் ஆண்டும் அந்த வாரத்தில் வடக்கே போகும் ரயில்களில் கால்வைக்க இடமிருக்காது. பண்டிகைக்குப் போகும் கூட்டத்தைப் படம் பிடித்து, உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்று தலைப்பு வைத்தால் போதும். வெட்டவேண்டாம், ஒட்டவேண்டாம். அந்தத் தலைப்பைப் பார்த்துச் சிலர் நிஜமாகவே பயந்து ஓடினால், நாளைக்குத் தலைப்பும் உண்மையாகிவிடும்.

செய்யவேண்டியது இது. வீடியோவின் ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். பின்னணிக் குரலும் தலைப்பும் இல்லாமல் அதில் என்ன தெரிகிறது? கடைப்பலகை எந்த மொழியில் இருக்கிறது, வண்டி எண் எந்த மாநிலம்? பிறகு ஒரு காட்சியை நிறுத்திப் படமாக எடுத்து, கூகுளின் படத்தேடலில் போடுங்கள். பழைய வீடியோ என்றால் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். யூடர்ன் போன்ற தமிழ்ச் சரிபார்ப்புத் தளங்களையும் பார்க்கலாம். அரசே நடத்தும் சரிபார்ப்புப் பிரிவுகள் வெளியூர் வதந்திக்குப் பயன்படும். அரசைப் பற்றிய செய்தியை அரசிடமே கேட்டுத் தெரிந்துகொள்வதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

படி 6: உங்கள் கட்டைவிரலின் எடை

வெறுப்பை உருவாக்குபவர் ஒருவர். அதற்குச் சக்கரம் பூட்டுவது வேறொன்று. 2017-ல் ஃபேஸ்புக் தன் கணக்கீட்டில் கோபமுகம் உள்ளிட்ட உணர்ச்சிக்குறிகளுக்கு ஒரு லைக்கைவிட ஐந்து மடங்கு எடை கொடுத்தது. அதாவது ஒரு பதிவைப் பார்த்து நீங்கள் கொதித்தால், அது இன்னும் பலருக்குக் காட்டப்படும். பிறகு படிப்படியாகக் குறைத்து 2020-ல்தான் கோபத்தின் எடையைப் பூஜ்யமாக்கினார்கள். 2021-ல் உள் ஆவணங்கள் கசிந்தபோதுதான் இது வெளியே தெரிந்தது. ‘அயோக்கியத்தனம்’ என்று திட்டுவதற்காகக் கோபமுகம் போட்டவரும் அந்த வருடங்களில் பிரசாரத்துக்குத் தோள்கொடுத்தவரே.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை ஓடிய சுமார் 1,26,000 செய்திக் கதைகளை எடுத்துப் பார்த்தது. பொய்ச் செய்தி மறுபகிர்வாகும் வாய்ப்பு மெய்யைவிட 70 சதவீதம் அதிகம். இயந்திரக் கணக்குகளைக் கழித்துவிட்டுப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. ஓட்டியவர்கள் மனிதர்கள்தான். பொய்யில் புதுமை இருக்கிறது என்பது ஆய்வாளர்கள் சொன்ன காரணம். ஊரில் புதிதாக எதையாவது முதலில் சொல்பவருக்குக் கிடைக்கும் மரியாதை நமக்கும் தெரிந்ததுதானே.

மொழியும் இதில் பெரிய ஓட்டை. திகனக் கலவர நாட்களில், முஸ்லிம்களைக் குழந்தைகளோடு சேர்த்துக் கொல்லச் சொன்ன சிங்களப் பதிவைப் பற்றி ஃபேஸ்புக்கிடம் புகார் போனது. விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. சிங்களம் படிக்கத் தெரிந்த கண்காணிப்பாளர்கள் போதுமான அளவு இல்லை. 2020 மே மாதம்தான் அந்த நிறுவனம் இலங்கை நிகழ்வுகளில் தன் பங்குக்காக மன்னிப்புக் கேட்டது. ஆங்கிலம் அல்லாத மொழிகளில் காவல்காரன் வருவதற்கு முன் திருடன் போய்விடுகிறான்.

வாட்ஸ்அப்பில் காவலே கிடையாது, அங்கே உறவுதான் முத்திரை. செய்தியை எழுதியவர் யார் என்று தெரியாது, ஆனால் அனுப்பியது அத்தை. அத்தை பொய் சொல்லமாட்டார். செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பலமுறை கைமாறி வந்தது என்று பொருள். அத்தைக்கு அதை எழுதியவரைத் தெரிந்திருக்க வழியில்லை. அதுபோன்றவற்றை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்பமுடியும் என்று 2020 ஏப்ரலில் கட்டுப்பாடு வந்ததும் இதனால்தான்.

படி 7: முதல் நாளில் பெயர் சொல்பவரை நம்பாதீர்கள்

2024 ஜூலை 29 அன்று இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் ஒரு நடன வகுப்பில் நடந்த கத்திக்குத்தில் மூன்று சிறுமிகள் உயிரிழந்தார்கள், மூன்றாமவர் மறுநாள். கைதான பையனுக்கு 17 வயது, சட்டப்படி பெயர் வெளியிடப்படவில்லை. அந்த இடைவெளிக்குள் ஒரு இஸ்லாமியப் பெயரும், படகில் வந்த அகதி என்ற கதையும் இணையத்தில் நுழைந்தன. மறுநாள் மாலை அந்த ஊர்ப் பள்ளிவாசல்மேல் கல் விழுந்தது. அவன் பிறந்தது வேல்ஸின் கார்டிஃப் நகரில். நீதிமன்றம் பெயரை வெளியிட்டபோது கலவரம் பல நகரங்களுக்குப் போய்விட்டிருந்தது. காவல்துறை மெதுவாகப் பேசும், வதந்திக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முதல் 24 மணி நேரத்தில் வரும் பெயர், ஊர், மதம் மூன்றையும் கிடப்பில் போடுங்கள்.

படி 8: கடைசியில் கல்லாவில் யார்?

2018 மார்ச்சில் ‘மகசொன் பலகாய’ என்ற சிங்களத் தீவிர அமைப்பின் தலைவர் அமித் வீரசிங்க திகன வீதியில் நடந்துகொண்டே தன்னைப் படம் பிடித்தார். இந்த ஊரில் சிங்களரின் கடைகளைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டியிருக்கிறது என்பது அவர் புலம்பல். வேறெதுவும் இல்லை, ஒரு மனிதர் கடைவீதியில் நடக்கிறார், அவ்வளவுதான். எங்கள் ஊர் எங்கள் கையைவிட்டுப் போய்விட்டது என்ற உணர்வைக் கிளப்ப அது போதும். மார்ச் 4 முதல் கடைகளும் வீடுகளும் எரிந்தன, எரிந்த வீட்டுக்குள் சிக்கி ஒரு முஸ்லிம் இளைஞர் இறந்தார். 6-ஆம் தேதி அவசரநிலை, 7-ஆம் தேதி சமூக ஊடகத் தடை, 8-ஆம் தேதி வீரசிங்க கைது.

வீதியில் கல் எறிபவர் கூலி வாங்குவதில்லை. பெரிய லாபம் மேலே போகிறது. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளில் 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குண்டு வைத்தவர்கள் உண்மை, நாட்டின் பயமும் நியாயமானது. ஐந்தே நாட்களில் கோத்தபய ராஜபக்ச அதிபர் தேர்தலில் நிற்கப்போவதாக அறிவித்தார், பாதுகாப்புதான் முழக்கம். நவம்பரில் 52.25 சதவீதம் பெற்று வென்றார். அடுத்த ஆண்டு, கோவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் கட்டாயம் எரிக்கவேண்டும் என்று விதி வந்தது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் 2021 பிப்ரவரி வரை அது நீடித்தது. இருபது நாள் குழந்தை ஒன்றும் அப்படி எரிக்கப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. இடையில் 2022-ல் எரிவாயுவும் பெட்ரோலும் தீர்ந்து, அதே சிங்கள வாக்காளர்கள் கொழும்பின் காலிமுகத்திடல் போராட்டக்களத்தில் முஸ்லிம்களோடு அமர்ந்து நோன்பு திறந்தார்கள், ஜூலையில் அந்த அதிபரை நாட்டைவிட்டே ஓடவைத்தார்கள். சமையல் எரிவாயு வரிசையில் நிற்பவரிடம் கருப்பைச் சதி எடுபடவில்லை.

சில்லறை லாபம் பார்ப்பவர்களும் உண்டு. 2016 அமெரிக்கத் தேர்தலின்போது மாசிடோனியாவின் வெலெஸ் என்ற சிறு நகரத்து இளைஞர்கள் டிரம்ப் ஆதரவுப் பொய்ச் செய்தித் தளங்களை நடத்தி விளம்பரக் காசு பார்த்தார்கள். அவர்களுக்குக் கட்சியுமில்லை, கொள்கையுமில்லை. எனவே கேளுங்கள்: இதை நான் நம்பினால் யாருக்கு வாக்கு, யாருக்குப் பார்வைக் கணக்கு, யாருக்குச் சந்தா?

சட்டம் காப்பாற்றும் என்று காத்திருக்கவேண்டாம். வெறுப்புப் பேச்சைத் தடுக்க இலங்கையில் இருந்த சட்டத்தை வைத்து 2019 ஏப்ரலில் கைது செய்யப்பட்டவர் ஒரு சிங்களச் சிறுகதை எழுத்தாளர். ஒரு கதை எழுதியதற்காக நான்கு மாதத்துக்கும் மேல் சிறையில் இருந்தார். வாள் யார் கையில் இருக்கிறதோ அவர் விரும்பிய பக்கம்தான் வெட்டும்.

படி 9: குடும்பக் குழுவில் என்ன சொல்வது

இப்போது என் கதை. 2018 மே. வட இந்தியாவிலிருந்து பிள்ளை பிடிப்பவர்கள் இறங்கியிருக்கிறார்கள் என்று தமிழில் குரல்பதிவுகள் சுற்றின. கூடவே ஒரு வீடியோ: பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். முடிவில் பையனைத் திரும்ப இறக்கிவிட்டு ஒரு வாசகத்தைக் காட்டுவார்கள், அந்த முடிவு மட்டும் வெட்டப்பட்டிருந்தது. என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. இரவு பத்து மணிக்கு அந்தக் குரல்பதிவை உறவினர் குழுவுக்கு அனுப்பிவிட்டுப் படுத்தேன். நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்ட சென்னைக் குடும்பத்தை ஊர் அடித்தது. 65 வயது அம்மா ஒருவர் இறந்தார். வழியில் பார்த்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறார். பேச்சில் தமிழ்தான். பயம் அதைக்கூடக் காதில் வாங்கவில்லை.

நான் அனுப்பியது அந்த ஊருக்குப் போயிருக்காது. அப்படிச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ள இரண்டு நாள் முயன்றேன். பிறகு குழுவில் எழுதினேன்: அன்று நான் போட்டது பொய், விசாரிக்காமல் அனுப்பிவிட்டேன், வேறெங்காவது அனுப்பியிருந்தால் அங்கேயும் சொல்லிவிடுங்கள். பெரியப்பா கேட்டார்: “எச்சரிக்கையாக இருந்தால் என்னப்பா தவறு?” எல்லா வதந்திக்கும் இதுதான் கேடயம். குழுவில் வாதாடாமல் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். “பெரியப்பா, நாளைக்கு நீங்கள் தெரியாத ஊருக்குப் போய்க் கோயிலுக்கு வழி கேட்பீர்கள் இல்லையா? பையில் பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிய மிட்டாய் இருக்கும்.” அவர் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அந்த அம்மாவுக்கு என்ன வயது என்றாய்?” என்று கேட்டார்.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பது இவ்வளவுதான். பெரியவர்களைக் குழுவில் வைத்துத் திருத்துவதில்லை, தனியாகக் கூப்பிடுவேன். ‘பொய்’ என்று தொடங்காமல் ‘இது உங்களுக்கு எங்கிருந்து வந்தது, மாமா?’ என்று தொடங்குவேன். அவர்களுடைய பயத்தை ஒருபோதும் கேலி செய்வதில்லை, ஏனென்றால் பயம் மெய். ‘வடக்கன்’ என்ற சொல் எங்கள் குழுவில் வந்தால், மேலே படி 5-ல் சொன்ன அந்த மார்ச் வாரத்தை நினைவுபடுத்துவேன். எல்லா முறையும் பலிப்பதில்லை. ஒரு சித்தப்பா என்னோடு ஏழு மாதம் பேசவில்லை.

தவறாக அனுப்பியது நீங்கள் என்றால், அனுப்பிய அதே குழுவில், அதே அளவு சத்தமாகத் திருத்தம் போடுங்கள். அழித்துவிட்டு அமைதியாக இருப்பது போதாது. அதற்குள் அது கைமாறியிருக்கும். என் திருத்தத்தை 41 பேர் படித்ததாக நீலக்குறி காட்டியது. ஒரே ஒருவர் கட்டைவிரல் காட்டினார், அவரும் என் மனைவி. மறுநாள் காலை வழக்கம்போல் ரோஜாப்பூவோடு காலை வணக்கங்கள் வந்து அதை மேலே தள்ளிவிட்டன.